ஏழு நாள் சேவை: பெறுபவர் யார்? தருபவர் யார்?

காமர்ஸ் மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தரப்படும் விதி ஒன்று உண்டு. பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. இந்தச் சின்ன விதியை மாணவர்களின் சமூக சேவைக்கும் போட்டுப் பார்த்தால் என்ன?

நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டையொட்டி 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். தனக்கு அல்ல, பிறருக்கு என்பதே அதன் முழக்கத்தின் பொருள். நல்ல நோக்கம் தான், சந்தேகமே இல்லை.

ஆனால் முகாமில் நடப்பது என்ன? மாணவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்குகிறார்கள். கோயில் வாசலைச் சுத்தம் செய்கிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள், விழிப்புணர்வு ஊர்வலம் போகிறார்கள். எட்டாம் நாள் காலை கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். சான்றிதழ், பயோடேட்டாவில் ஒரு வரி, நிறைய போட்டோ, புது நண்பர்கள்... இவ்வளவும் மாணவருக்கு. அந்த மரக்கன்றுக்கு அடுத்த மாதம் தண்ணீர் ஊற்றப் போவது யார்? ஊர்க்காரர்கள் தான். அப்படியானால் பெறுபவர் யார், தருபவர் யார்?

பெறுவது குற்றம் இல்லை. பெற்றதைக் கொடுத்ததாக எழுதுவது தான் தவறான கணக்கு.

ஒரு வாரம் கூலி இல்லாமல் வேலை செய்ய முடிவதே ஒரு வசதி தான். அதே ஊரில் அதே வயதுப் பையன் சித்தாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்று வீட்டில் அரிசி இல்லை. ஏழு நாள் துடைப்பம் பிடித்தவருக்குக் கைதட்டல். பரம்பரை பரம்பரையாகத் துடைப்பம் பிடிப்பவருக்கு? 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுனாமி தாக்கிய கடற்கரைகளில் உடல்களை அப்புறப்படுத்த வெளியூர்த் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அதை யாரும் தொண்டு என்று சொல்லவில்லை, வேலை என்றார்கள்!

அதே சுனாமியின் போது இன்னொரு காட்சி. கடலூர், நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணிகள் மலை மலையாகக் கிடந்தன. மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. வீட்டையும் உறவையும் இழந்தவர்கள், மானத்தை இழக்கவில்லை. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, அவ்வளவு தான்.

நிவாரணப் பட்டியலில் விடுபட்டவர்களும் உண்டு. பிச்சாவரம் பக்கத்து இருளர்கள் உப்பங்கழியில் மீனும் இறாலும் பிடித்துப் பிழைப்பவர்கள். ஆனால் மீனவர் என்ற கணக்கில் அவர்கள் வரவில்லை. படகு, வலை இழந்தோருக்குக் கிடைத்த உதவி அவர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வண்டியில் வந்து இறங்கியவர்களுக்கு இது எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள ஏழு நாள் போதாது.

1968-ல் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம், உதவி செய்ய வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார் இவான் இல்லிச். கற்றுக்கொள்ள வருவதை அவர் தடுக்கவில்லை. சிதம்பரத்துக்கு அந்த அளவு கடுமை தேவையில்லை. மெக்சிகோவுக்குப் போன மாணவர்களுக்கு அந்த ஊர் மொழி தெரியாது, இங்கே மாணவருக்கும் ஊருக்கும் ஒரே மொழி. மனு எழுதத் தெரியும், ஆன்லைனில் விண்ணப்பிக்கத் தெரியும், அலுவலகத்தில் பேசத் தெரியும். இந்த வசதியைத் தான் செலவழிக்க வேண்டும்.

இருளர் பிள்ளைகள் பலர் பழங்குடியினர் சாதிச் சான்றிதழுக்காக அலைகிறார்கள். அதை வருவாய்க் கோட்ட அதிகாரி தான் தர வேண்டும். அதற்குள் நேரில் விசாரணை, ஆதாரம், மறுபடி அலைச்சல். சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகையும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. படிப்பு அங்கேயே நின்றுவிடும். ஒரு சுவருக்கு வெள்ளையடிப்பதை விட, ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தோடு ஆறு மாதம் நடப்பது பெரிய வேலை. அதற்குப் போட்டோ எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

முகாம்கள் வேண்டாம் என்பதல்ல வாதம். வருடத்துக்கு ஒரு ஊர் என்று மாறாமல் ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போகட்டும். முதல் நாள் மண்வெட்டி எடுக்காமல் கேள்வி கேட்கட்டும். எந்தத் தெரு பட்டியலில் இல்லை என்று தேடட்டும். ஊர் கொடுத்ததையும் கணக்கில் எழுதட்டும். அப்போது தான் அந்த ஐந்தொகை சரியாக வரும்.