கட்டைப் பிரிக்கும் கை

முப்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு? இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்றார்கள். மூன்றை அடித்து இரண்டாக்கினோம், இரண்டின் தலைமாட்டில் பொடியாக ஒன்று போட்டோம், விடை வந்தது. ஏன் வந்தது என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிரம்புதான் பதில் சொல்லியிருக்கும்.

போன மாதம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இதே கணக்கைத் தரையில் போடுவதைப் பார்த்தேன். விளக்குமாற்றிலிருந்து உருவி, ஒரே அளவாக நறுக்கிய ஈர்க்குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட மூன்று கட்டுகள், உதிரியாக இரண்டு குச்சிகள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கட்டை முழுசாகத் தள்ளி வைத்தாள். உதிரி இரண்டையும் தள்ளினாள். இன்னும் ஐந்து வேண்டும். இருப்பதோ இரண்டு கட்டுகள். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஜன்னல் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டார். சிறுமி கட்டைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டினாள். பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, ஐந்து குச்சிகளை எண்ணி எடுத்தாள். “பதினஞ்சு டீச்சர்!”

ஒன்றாம் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது கரும்பலகையின் சட்டம். அவள் கை பத்தாம் இடத்திலிருந்து தொடங்கியது. மளிகைக் கடையில் பெரிய நோட்டை முதலில் நீட்டிவிட்டு அப்புறம் சில்லறை தேடுகிறோமே, அந்த வழி. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிய அந்த அரை நிமிடம். குச்சி எல்லோரிடமும் கிடைக்கும். அந்த அரை நிமிடம் எல்லா வகுப்பிலும் கிடைப்பதில்லை.

பொருளை வைத்துப் படிப்பது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதித்தான் அரிச்சுவடி தொடங்கியது. அதைச் சென்னையில் பார்த்து அசந்துபோனவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789இல் எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்றிருந்தார். மணலில் எழுதவைக்கலாம் என்றபோது அவருடைய ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஒரு சின்னப் பையனைக் கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ஊர் திரும்பி 1797இல் புத்தகமும் போட்டார். ‘மதராஸ் முறை’ இங்கிலாந்தில் பரவியது. ஆனால் அங்கே அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே வாத்தியார் மேய்க்கும் சிக்கனமான ஏற்பாடாக மாறிப்போனது. மணல் கடல் தாண்டியது. கட்டளைக்குக் கை நீட்டி, கட்டளைக்குக் கை மடக்கினார்கள் பிள்ளைகள்.

மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய சாதனங்களில் ஒரு மரக்கட்டை உண்டு: பத்துக் குழிகள், பத்து உருளைகள். ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஏதாவது ஓர் உருளை குழிக்குள் இறங்காமல் முரண்டு பிடிக்கும். தப்பைக் கட்டையே சொல்லிவிடுகிறது. டீச்சர் சொல்ல வேண்டியதில்லை. போரால் அந்த அம்மையார் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் எத்தனை மழலையர் பள்ளிகளில் அந்தக் கட்டை இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள்.

நம் அரசுப் பள்ளிகளில் 2003இல் சென்னை மாநகராட்சி தொடங்கி வைத்தது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளிதான் முன்மாதிரி. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள், அட்டையில் பறவை விலங்குச் சின்னங்கள், பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். டீச்சரும் பாயில் உட்கார்ந்தார். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்தக் கரும்பலகைதான். அட்டைகள் கிழிந்தன, காணாமல் போயின. எத்தனையாவது படி என்று குறிப்பதே சில இடங்களில் படிப்பானது. 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளைப் பிரித்து, பாட்டும் கதையும் பொம்மலாட்டமுமாக நடக்கிறது. நல்ல விஷயம். மதிப்பீட்டைக் கைப்பேசியில் ஏற்றவே நேரம் போகிறது என்ற முணுமுணுப்பும் கூடவே கேட்கிறது. கைப்பேசியைப் பார்த்துக் குனிந்திருப்பதும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருப்பதும் ஒன்றல்லவே.

தனியார் பள்ளிக் கதை வேறு. அங்கே ‘ஆக்டிவிட்டி’ வீட்டுக்கு வந்துவிடுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு அம்மா தெர்மாகோல் வெட்டுகிறாள், அப்பா ஃபெவிகால் தேடுகிறார், யூகேஜி படிக்கும் வாரிசு சோபாவில் தூங்குகிறது. காலையில் சூரியக் குடும்பம் ஆட்டோவில் ஏறுகிறது. மதிப்பெண் அம்மாவுக்கு வர வேண்டியது.

அந்த ஒன்றியப் பள்ளியில் அடுத்துப் பார்த்தது பெஞ்சு அளக்கும் சண்டை. சாணால் அளக்கச் சொன்னார் டீச்சர். ஒருவனுக்கு ஒன்பது, இன்னொருத்திக்குப் பத்து, டீச்சர் கைக்கு ஏழே சாண். “உன் கை குட்டி, அதான்” என்றான் ஒருவன். “அப்போ பெஞ்சு எவ்ளோ நீளம்?” என்றாள் அவள். கொஞ்ச நேரம் கூச்சல். பிறகு ஒரு பையன், எல்லாரும் ஒரே குச்சியால் அளக்கலாமே என்று அந்த ஈர்க்குச்சியைத் தூக்கினான். ஸ்கேல் பெட்டியிலேயேதான் இருந்தது. டீச்சர் அதை அன்று எடுக்கவே இல்லை. “நாளைக்கு அவங்களே கேப்பாங்க சார்” என்றார்.

கிளம்பும்போது அலமாரியைப் பார்த்தேன். பூட்டு இல்லை. மேல்தட்டில் துறை கொடுத்த பிளாஸ்டிக் மணிகளும் கட்டங்களும். கீழ்த்தட்டில் புளியங்கொட்டை டப்பா, சோடா மூடிகள், குச்சிக் கட்டுகள். பாதிக் கட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் இல்லை. எல்லாம் பிள்ளைகள் மணிக்கட்டிலேயே வீட்டுக்குப் போய்விடுகின்றனவாம். மாதம் ஒரு பாக்கெட் சொந்தக் காசில் வாங்குகிறாராம் டீச்சர்.