லோரி ஓட்டக் கற்பிக்கும் பள்ளி எது?



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கும் லோரிக்கும் என்ன தொடர்பு என்று தலைப்பைக் கண்டதும் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. நான் ஒரு லோரி ஓட்டுநரின் மகன். அதைவிட முக்கியமாக, என்னிடம் படித்துச் சென்ற மாணவர்களில் பலர் இன்று லோரி ஓட்டிப் பிழைக்கின்றனர். பல்கலைக்கழகம் சென்றவர்களின் பெயர்கள் பள்ளி மண்டபத்துப் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளன. இவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் ஓட்டும் லோரியின் கதவில்கூட முதலாளியின் பெயர்தான் இருக்கிறது.

சென்ற பள்ளி விடுமுறையின்போது முன்னாள் மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். வயது இருபத்தைந்து. தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு லோரி ஓட்டுநராக வேண்டும் என்பது அவன் திட்டம். தாயாரின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. அந்தப் பணத்தைக் கொண்டு எந்தப் பயிற்சிக் கழகத்தில் சேர்வது என்று என்னிடம் கருத்துக் கேட்டான்.

அவன் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒரு கழகத்தில் சில நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்தால் தேர்ச்சி உறுதியாம். வண்டியில் அதிகம் உட்கார வேண்டியதும் இல்லையாம். மற்றொன்று நகருக்கு வெளியே இருக்கிறது. கட்டணம் குறைவு. ஆனால், அங்குள்ள பயிற்றுநர் மிகக் கண்டிப்பானவர்; தகுதி வரவில்லை என்றால் தேர்வுக்கே அனுப்பமாட்டார் என்று நண்பர்கள் பயமுறுத்தியிருந்தார்கள்.

முதல் வழிக்கு நம் நாட்டில் பெயர் உண்டு. 'கோப்பி ஓ' உரிமம் என்பார்கள். 'பறக்கும் உரிமம்' என்றும் சொல்வார்கள். நான் முகம் சுளித்ததைக் கண்டதும் அவன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்.

"சார், யு.பி.எஸ்.ஆருக்கு நீங்க பத்துக் கட்டுரை கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னீங்களே, அதுமாதிரிதான். பாஸ் பண்ணிட்டு அப்புறம் கத்துக்கலாம்."

அவன் குத்திக்காட்டும் நோக்கில் பேசவில்லை. ஆனாலும், அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதான். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் கற்றது ஒன்று. தேர்வு நெருங்கிய மாதங்களில் வகுப்பறையில் செய்தது வேறொன்று. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. கற்காமலே தேர்ச்சி பெறலாம் என்று நாங்கள் விதைத்த எண்ணம் மட்டும் அந்தப் பிள்ளைகளோடு வளர்ந்து நிற்கிறது. மனப்பாடக் கட்டுரையால் ஒருவன் தமிழில் தடுமாறுவான். மனப்பாட ஓட்டுநரால் ஒரு குடும்பம் சாலையில் சிதறும்.

2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாளை நாம் மறந்திருக்க முடியாது. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்புப் பணியாற்றிவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புக் காவல் படையினரின் வாகனமும் சரளைக்கல் ஏற்றி வந்த லோரியும் மோதிக்கொண்டன. ஒன்பது பேர் மாண்டனர். நம் திருவிழாவில் நமக்குக் காவல் நின்றவர்கள் தம் வீடுகளுக்குத் திரும்பவில்லை. ஒரு விபத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும், கனரக வாகனம் தன் பிடியை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டுமா?

என் தந்தையார் கற்ற முறையை இங்கே சொல்ல விரும்புகிறேன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் அவர் முதலில் கெலிண்டானாகத்தான் ஏறினார். சில ஆண்டுகள் மூத்த ஓட்டுநரின் அருகில் அமர்ந்து, பளு ஏற்றி, டயர் மாற்றி, திட்டு வாங்கிய பிறகுதான் திசைமாற்றிச் சக்கரம் அவர் கைக்கு வந்தது. பின்னர் கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்குக் காய்கறி ஏற்றி இறங்கினார். "ஏறுன கியர்லயே இறங்கு" என்பது அவர் வேதம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் சொல்லிக்கொடுத்தார்.

அந்தக் கெலிண்டான் காலம் இன்று பலருக்கு வாய்ப்பதில்லை. ஆகவே, பயிற்சிக் கழகம்தான் அந்த மூத்த ஓட்டுநரின் இடத்தில் நிற்க வேண்டும்.

சட்டம் கேட்பவை தெளிவானவை. 'ஈ' வகை உரிமத்துக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முன் 'டி' உரிமம் பெற்று, ஈராண்டுத் தகுதிக்காலமான 'பி' நிலையைக் கடந்திருக்க வேண்டும். சரக்கு வண்டியைத் தொழிலாக ஓட்ட ஜி.டி.எல். எனும் தொழில்முறை உரிமமும் தேவை. இவையெல்லாம் வாசற்படிதான். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்க வேண்டும். எனவே, பணம் கட்டுவதற்கு முன் நேரில் சென்று பார்த்துக் கேட்க வேண்டியவை என்று ஐந்தினை அவனுக்கு எழுதிக் கொடுத்தேன்.

1. கழகம் ஜே.பி.ஜே.யின் அங்கீகாரம் பெற்றதா? பணத்தைக் கழகத்தின் முகப்பிடத்தில் கட்டி இரசீது பெற முடியுமா? இடைத்தரகர் கையில் பணம் கொடுக்கச் சொன்னால் அங்கேயே திரும்பிவிட வேண்டும்.

2. ஒரு பயிற்சி வண்டிக்கு எத்தனை மாணவர்கள்? நாள் முழுவதும் நிழலில் காத்திருந்து பத்து நிமிடம் ஓட்டுவது பயிற்சி ஆகாது. எத்தனை மணி நேரம் சக்கரம் நம் கையில் இருக்கும் என்றே கேட்க வேண்டும்.

3. எந்த வண்டியில் பயிற்சி? சாதாரண லோரியா, இழுவை லோரியா? இழுவை லோரி வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். அதைப் பழகாதவன் ஓரத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளோட்டியைக் காணமாட்டான்.

4. வண்டியைக் கிளப்புவதற்கு முன் என்ன சொல்லித் தருகின்றனர்? டயர், சக்கரத் திருகுகள், விளக்கு, காற்றுக் கலனில் தேங்கிய நீரை வெளியேற்றுதல், பளுவைக் கட்டும் முறை ஆகியவற்றைக் கைதொட்டுக் காட்டுகிறார்களா?

5. திடலில் மட்டும்தானா, மேடு பள்ளமும் நெரிசலும் உள்ள சாலையிலுமா? "இந்தக் கம்பம் கண்ணாடியில் தெரிந்தால் திருப்பு" என்று சொல்லிக்கொடுப்பது தேர்வுத் திடலுக்கு மட்டுமே உதவும். சாலையில் அந்தக் கம்பம் இருக்காது.

இதை எழுதும்போதே ஒரு மறுப்பும் என் காதில் ஒலிக்கிறது. "மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் சொல்லிவிடுவார், வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் எங்களுக்கு நட்டம்" என்பதே அது. நியாயமான மறுப்பு. இரண்டாவது கழகத்தில் அவனுக்குக் கூடுதல் நாள்கள் பிடிக்கும். தேர்வில் தவறினால் மறுதேர்வுக் கட்டணமும் சேரும். அதற்குள் அடகு வட்டி ஏறும். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

விபத்து நேர்ந்தவுடன் பழி முழுவதையும் ஓட்டுநரின் தலையில் இறக்கிவைப்பதையும் நான் ஏற்கவில்லை. அளவுக்கு மீறிப் பளு ஏற்றச் சொல்வது யார்? பழுதுபார்க்காத வண்டியைச் சாலைக்கு அனுப்புவது யார்? முதலாளிகளும் அமலாக்கத்தினரும் விடை சொல்ல வேண்டிய கேள்விகள் இவை.

ஆனால், என் வாதமே இங்குதான் தொடங்குகிறது. "இந்த வண்டியின் பிரேக் சரியில்லை, எடுக்கமாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்ல யாரால் முடியும்? பிரேக் எப்படி இருக்க வேண்டும் என்று அறிந்தவனால்தான் முடியும். உரிமத்தை விலைக்கு வாங்கியவனுக்குப் பழுது தெரியாது. தெரிந்தாலும் வாய் திறக்கத் துணிவு வராது. கையூட்டு வாங்குபவர் மட்டுமல்லர், கொடுப்பவரும் 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி குற்றவாளியே. அந்தக் குற்றத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி நிமிர்ந்து பேசுவான்? நல்ல பயிற்சிக் கழகம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதோடு, மறுக்கும் தகுதியையும் கொடுக்கிறது. கூடுதலாகச் செலவாகும் நாள்களுக்கு ஈடாக அவன் பெறுவது அதுதான்.

என் மாணவன் இரண்டாவது கழகத்தில்தான் சேர்ந்தான். மூன்று வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தான். முதல் தேர்வில் தோல்வி. மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னோக்கி நகர்ந்துவிட்டதாம். "அம்மா ரெண்டு நாளா பேசல சார்" என்றான். அந்தக் குரல் என்னை வருத்தியது. நான் சொன்ன வழியில் சென்றதால் வந்த செலவு அல்லவா? மறுதேர்வுக் கட்டணத்தில் பாதியை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று மறுத்துவிட்டான். பிறகு, அந்தக் கண்டிப்பான பயிற்றுநர் அன்று மாலையே அவனை மீண்டும் மேட்டில் ஏற்றி, இருட்டும்வரை நிறுத்தி எடுக்கச் சொன்னதைக் கூறினான். குரலில் சற்றுப் பெருமை தெரிந்தது. பேசி முடிக்கும்போது, "சார், இப்பதான் வண்டி எனக்குக் கொஞ்சம் புரியுது" என்றான்.

ஆறாண்டுகள் என்னிடம் படித்த காலத்தில் அவன் ஒருமுறைகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்திய முன்னாள் மாணவர் யாரேனும் லோரி உரிமம் எடுக்கப் போவதாகச் சொன்னால், "நல்லது, போய் வா" என்று அனுப்பிவிடாதீர்கள். ஓர் அரைநாள் அவரோடு சென்று அந்தக் கழகத்தின் திடலில் நின்று பாருங்கள். மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைக்கு நாம் எத்தனை கல்லூரிகளை விசாரிக்கிறோம்! நம் பிள்ளைகளின் உயிரும் பிறர் பிள்ளைகளின் உயிரும் இவர்கள் கையிலும்தான் இருக்கின்றன.

மறுதேர்வு அடுத்த செவ்வாய்க்கிழமை. அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்