வீடு சந்திக்க மறந்த சபை

ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று பொதுப் பாவ அறிக்கை சொல்கிறோம். செய்த தவறுகளோடு, செய்யாமல் விட்ட கடமைகளையும் சேர்த்துத்தான் அதில் அறிக்கையிடுகிறோம். அந்தக் கடமைகளைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளும் காலம் நமக்கு வந்துவிட்டது.

திருநெல்வேலிச் சீமையில் நம் சபைகள் அடைக்கலமாகப் பிறந்தவை. 1799இல் சாத்தான்குளத்துக்கு அருகே முதலூர் உருவானது, துன்புறுத்தப்பட்ட புதிய விசுவாசிகள் அஞ்சாமல் குடியிருக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான். 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் தொடங்கிய தர்ம சங்கம், இப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்த பெண்கள் சபையின் ஊழியத்தைத் தாங்கினார்கள். தங்கள் வீட்டில் குறைவிருந்தபோதும் அடுத்த வீட்டை நினைத்தவர்கள் அவர்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம், சபையை வாக்காளர் பட்டியலாகச் சுருக்கிவிட்டோம். சங்கக் காணிக்கை பாக்கியைக் கேட்க ஆள் போகிறது. ஆறு மாதமாக ஆராதனைக்கு வராதவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க யாரும் போவதில்லை. வீடு சந்திக்க நேரமில்லை என்று நாம் சொல்லவும் முடியாது. திருமண்டலத் தேர்தல் வந்தால் இரு அணியாரும் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்குகிறோம். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பது மனப்பாடம். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது தெரியாது. பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, தனியே வாழும் முதியவர்களை ஐயர், உபதேசியார் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டோம்.

வாலிபர்களுக்கு நாற்காலி போடவும் ஒலிபெருக்கி கட்டவும் வேலை கொடுத்தோம். வேலை கிடைக்காத கவலையையும் விசுவாசத்தில் எழும் சந்தேகத்தையும் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல இடம் கொடுக்கவில்லை. கேள்வி கேட்டவனை அடக்கினோம். அவன் வராமல் போனதும் உலகத்தைக் குறை சொன்னோம்.

சாதியைச் சபை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டோம் என்று பிரசங்கிக்கிறோம். கர்த்தருடைய பந்தியில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவர்களைச் சில ஊர்களில் தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்கிறோம். பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது ஞானஸ்நானத்துக்கு முன்னால் சாதியை விசாரிக்கிறோம். நம் பாவங்களில் இதுவே பெரியது; இதைப்பற்றி நாம் பேசுவதே இல்லை.

2023 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கையில், தாமிரபரணி கரைபுரண்டது. ஆலய வளாகங்களைத் திறந்து, யார் எவர் என்று கேட்காமல் சோறு பொங்கிப் போட்டவர்கள் நம்மில் உண்டு. வெள்ளம் வடிந்ததும் அந்தக் கதவுகளை மூடிவிட்டோம். வருஷத்துக்கு ஒருமுறை அசன விருந்துக்கு அழைப்பதோடு அக்கம்பக்கத்து உறவு முடிந்துவிடுகிறது. நம் மதில் சுவரை ஒட்டிய தெருவில் பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளை யார், குடியால் குலைந்த குடும்பம் எது என்று நமக்குத் தெரியாது.

மனந்திரும்புதல் என்றால் நடையை மாற்ற வேண்டும். பத்து வீட்டுக்கு ஒருவர் பொறுப்பேற்று மாதம் ஒருமுறை போகட்டும்; காணிக்கை நோட்டு கையில் வேண்டாம். மாலையில் பூட்டிக் கிடக்கும் ஓய்வுநாள் பள்ளி அறையில் தெருப்பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து படிக்கட்டும். பாடம் சொல்லித்தர ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இல்லாத சபை நம்மிடையே அரிது. சபை மன்றத்தில் வாலிபர்களும் பெண்களும் பேச, மூத்தவர்கள் கேட்கட்டும். கல்லறைத் தோட்டங்களைப் பிரிக்கும் சுவரை இடிக்கத் தீர்மானம் வரட்டும்.

அடுத்த சபை மன்றக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்குக்கு முன்னால், கடந்த மாதம் யாரைச் சந்தித்தோம், யாரை விட்டுவிட்டோம் என்ற அறிக்கை வாசிக்கப்படட்டும். விடுபட்ட பெயர்களுக்கு ஆள் நியமித்த பிறகு கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதைப் பேசலாம்.