சும்மா கிடைக்குதாம்

பொத்தான், மெனு, விண்டோ வைத்து மென்பொருள் எழுதப்போகும் எங்கட நண்பர்களிடம் எந்த டூல்கிட் எண்டு கேட்டால், வடிவைப் பற்றி மணிக்கணக்காகக் கதைப்பினம். லைசன்ஸ்? “சும்மாதானே கிடைக்குது.” இந்தச் ‘சும்மா’வோடுதான் எங்களுக்குச் சண்டை.

1996இல் லினக்ஸுக்கு முழு டெஸ்க்டொப் ஒன்று செய்யப் புறப்பட்ட கேடிஈ குழு, நோர்வே நிறுவனமான ட்ரோல்டெக்கின் கியூட்டியை எடுத்தது. அதுவும் சும்மாதான் கிடைத்தது. திருத்திய பிரதியைப் பகிர மட்டும் உரிமையில்லை. அதை ஏற்காதவர்கள் 1997இல் ஜிடிகேயை வைத்து குனோமைத் தொடங்கினார்கள். ஒரு லைசன்ஸுக்காக இன்னொரு முழு டெஸ்க்டொப்! 2000இல்தான் கியூட்டி ஜிபிஎல்லுக்கு வந்தது. 2009இல் எல்ஜிபிஎல்லும் சேர்ந்தது.

கலைப்பீடத்துக்கு உதில என்ன வேலை எண்டு கேட்பினம். லைசன்ஸும் ஒரு பிரதிதானே. பிரதி வாசிக்கிறதுதான் எங்கட படிப்பே.

பைதனில் எழுதுகிறவர்கள் கவனியுங்கோ. பைகியூட்டியை வைத்து எழுதி வெளியே கொடுத்தால், காசு கட்டி வணிக உரிமம் வாங்காதவரை, உங்கட கோடையும் ஜிபிஎல்லின்படி திறந்துதான் கொடுக்கவேணும். அதே கியூட்டிக்கு பைசைட் எல்ஜிபிஎல்லில் கிடைக்குது; உங்கட கோடை மூடி வைக்கலாம், அந்த லைப்ரரியைப் பாவனையாளர் மாற்றிப்போடுவதை மட்டும் தடுக்க ஏலாது. திறக்கிறதோ மூடுறதோ உங்கட விருப்பம். ரெண்டு வருஷம் எழுதி முடிச்சிட்டு வந்து கேக்காதேங்கோ.