ஆட்டுக்குட்டிக்கு மரத்தழை மட்டும் போதுமா? எது நல்லது, எது ஆபத்து?

கோவளத்தில் இருந்து மாமல்லபுரம் தாண்டி கல்பாக்கம் வரை இசிஆர் ஓரம் போனால் மனைக்கற்கள், ரிசார்ட் மதில்கள், இடையிடையே சவுக்குத் தோப்பு. ஆடு மேய இடம் எங்கே? காட்டுப் பக்கமும் கட்டுப்பாடுதான். 2022 மார்ச்சில் தமிழக வனங்கள் முழுவதும் மேய்ச்சலுக்குத் தடை விதித்த சென்னை உயர் நீதிமன்றம், பிறகு அதை சரணாலயம், தேசிய பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. தீவனம் வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால்தான் செங்கல்பட்டு கிராமங்களில் பலரும் மரத்தழையை நம்புகிறார்கள்.

இது ஏழைகளின் மாற்று ஏற்பாடு மட்டும் இல்லை. மாடு தரையில் மேயும். ஆடு தலையைத் தூக்கி, காலை ஊன்றித் தழை கடிக்கும். அதன் இயல்பே அதுதான். வடகிழக்குப் பருவமழையில் இன்னொரு லாபமும் உண்டு. குடற்புழுவின் இளம் புழுக்கள் ஈரப்புல்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும். கொட்டகையில் உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட தழையைத் தின்னும் குட்டிக்கு அந்த ஆபத்து குறைவு. குட்டிகள் அதிகம் சாகிற காலமே மழைக்காலம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

எப்போது ஆரம்பிக்கலாம்?

பிறந்தவுடன் சீம்பால், அப்புறம் தாய்ப்பால். இதற்கு எந்தத் தழையும் ஈடாகாது. 2, 3 வாரத்தில் குட்டி தானாகவே கொறிக்கும். இரைப்பை முழுமையாக வேலை செய்ய 2, 3 மாதம் ஆகும். அதுவரை இளந்தழையைப் பழக்கத்துக்குக் கொடுக்கலாம், வயிற்றை நிரப்ப அல்ல.

எந்த மரம்?

அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா மூன்றிலும் புரதம் அதிகம். கடலோர மணலுக்குப் பூவரசு நன்றாக வரும். அகத்தியை அடிக்கடி மொட்டையடித்தால் பட்டுப்போகும். சூபாபுல் வெட்ட வெட்டத் துளிர்க்கும். கிளைரிசிடியா வாடை முதலில் பிடிக்காது. ஒருநாள் வாடவிட்டுப் போட்டால் தின்னும்.

சூபாபுலில் ஒரு சிக்கல் இருக்கு. அதில் உள்ள மிமோசின் அளவு மீறினால் முடி கொட்டும், தைராய்டு பாதிக்கும். 1980-களில் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ், ஹவாய் ஆடுகள் இதைத் தின்றும் நன்றாக இருப்பதைக் கவனித்தார். அவற்றின் வயிற்றில் மிமோசின் விஷத்தைச் சிதைக்கும் பாக்டீரியா இருந்தது. எல்லா ஆட்டுக்கும் அது இருக்கும் என்று நம்பிவிட முடியாது. எனவே மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

கணக்கு எப்படி? பால் மறந்த 10 கிலோ குட்டி ஒருநாளைக்குச் சுமார் 400 கிராம் உலர் தீவனம் எடுக்கும். பச்சைத்தழையில் முக்கால் பங்கு தண்ணீர். அதாவது ஒன்றரை கிலோ தழை; அதில் சூபாபுல் அரை கிலோ.

சீமைக்கருவேலம்தான் எங்கும் இருக்கே என்றால், அதன் பழுத்த காயை ஆடு விரும்பும், இலையைத் தொடாது. நெடுஞ்சாலை நடுவே பூக்கும் அரளி மட்டும் கிட்டவே வரக்கூடாது; கொஞ்சம் தின்றாலும் உயிர் போகும். மரவள்ளி இலையும் பச்சையாக ஆகாது.

செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. எந்த மண்ணுக்கு எந்த மரம் என்று அங்கே கேட்டுவிட்டு, மழைக்கு முன்பே நட்டுவிடுவது நல்லது.