முதலில் சொன்னவருக்கு என்ன ஆச்சு?

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ‘அண்டி ஆபீஸ்’ தெரியும். முந்திரி ஆலைக்கு அங்கே அதுதான் பெயர். உள்ளே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு வேலையைத் தொடர்பவர்கள் உண்டு.

கையுறை கிழிந்துவிட்டது, புகை கண்ணை எரிக்கிறது என்று சொல்ல ஏன் தயங்குகிறார்கள்? எடைக்குத்தான் கூலி. எழுந்து போய்ப் புகார் சொன்னால் அந்த நேரத்துக்கு கிலோ குறையும். ‘நாளைக்கு வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அடுப்பு எரியாது. பக்கத்தில் இருப்பவரே, ‘நமக்கு எதுக்கு மக்கா பொல்லாப்பு’ என்பார். இந்த நிலையில் சுவரில் புகார்ப் பெட்டி மாட்டினால் அது காலியாகத்தான் கிடக்கும். குறையே இல்லை என்று முதலாளியும் நினைத்துக்கொள்வார்.

இந்தப் பயத்தைக் குறைக்க முடியும் என்பதற்குத் திண்டுக்கல்லில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில், அங்குள்ள நாச்சி அப்பேரல் ஆடை ஆலையில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்டார். அதன் பிறகே, மேற்பார்வையாளர்களின் பாலியல் தொல்லை பற்றிப் பல பெண்கள் வாய் திறந்தார்கள். 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான டிடிசியு தொழிற்சங்கமும் ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டன. அங்கிருந்து ஆடை வாங்கிய எச் அண்ட் எம் நிறுவனமும் அதில் சேர்ந்தது. தொழிலாளர்களிலேயே சிலருக்குச் சங்கம் பயிற்சி கொடுத்தது. கூடவே வேலை செய்த அவர்களிடம் குறையைச் சொல்ல முடிந்தது. சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன, 182 தீர்ந்தன.

‘இத்தனை புகாரா!’ என்று தோன்றலாம். ஆனால், இது பயம் விலகியதன் அடையாளம்.

அண்டி ஆபீஸ், செங்கல் சூளை, ரப்பர் தோட்டம், ஜவுளிக் கடை... எங்கே ஆட்களை வைத்து வேலை வாங்கினாலும் இது பொருந்தும். சொல்ல வந்த நேரத்துக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். ‘யார் சொன்னது?’ என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். கிழிந்த கையுறையை அன்றைக்கே மாற்றிக் கொடுங்கள். உடனே முடியாத வேலை என்றால், எந்தத் தேதிக்குள் முடியும் என்று சொல்லுங்கள். சொன்ன தேதியில் முடியுங்கள்.

முதலில் வாய் திறந்தவர் அடுத்த வாரமும் அதே இடத்தில், அதே கூலிக்கு உட்கார்ந்திருக்கிறாரா என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர் அங்கே இருந்தால், இரண்டாவது ஆள் தானாக வருவார்.