பேயை எங்கே தேடுகிறோம்?

பேய்ப்படங்கள் கத்தோலிக்க இல்லங்களுக்கு ஆகா என்று ஒரு சாரார் முழங்குகின்றனர். நாம் அதை ஏற்பதற்கில்லை. மெக்சிகோ நாட்டு இயக்குநர் கில்லெர்மோ தெல் தோரோ ஸ்பானிய மொழியில் எடுத்த மூன்று படங்களை, அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் 2016-இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டது. முழங்குவோர் முதலில் அவற்றைப் பார்க்கட்டும்.

‘க்ரோனோஸ்’ (1993) படத்தில், சாவை வெல்லும் பொறியொன்றால் இரத்த வேட்கைக்கு ஆளாகும் முதியவர், பேத்தியின் கையில் குருதி கசிவதைக் கண்டும் அவளைத் தீண்டாமல் பொறியை நொறுக்குகிறார். ‘தி டெவில்ஸ் பேக்போன்’ (2001) படத்தில் அநாதை இல்லத்தில் உலவும் ஆவி, கொலையுண்ட ஒரு சிறுவன். கொடியவனோ பொன்னாசை பிடித்த மனிதன். ‘பேன்ஸ் லேபிரிந்த்’ (2006) படத்தில், பச்சிளந் தம்பியின் இரத்தம் சிந்த மறுக்கும் சிறுமி தன் உயிரையே இழக்கிறாள். அதே படத்தில், மக்களின் உணவுப் பங்கைக் குறைக்கும் பிராங்கோவின் படைத்தலைவனோடு குருவானவர் ஒருவரும் பந்தியில் அமர்ந்திருக்கிறார். நம்மை உறுத்த வேண்டியது ஆவியா, அந்தப் பந்தியா?

நம் வட்டாரத்திலும் இம்மயக்கம் உண்டு. பாலசமுத்திரத்துக்குத் தெற்கே உயரும் மலைத்தொடரில், கொடைக்கானலருகே ‘டெவில்ஸ் கிச்சன்’ இருக்கிறது. 1991-இல் வந்த ‘குணா’ படத்தால் அது குணா குகையாயிற்று. அங்கே ஆட்களை விழுங்கியது அலகையன்று, ஆழ்ந்த பாறைப்பிளவே. 2006-இல் அதில் விழுந்த கேரள இளைஞரை, துணிந்து இறங்கிய நண்பரே மீட்டார்.

இப்படங்கள் சிறுவருக்கு உரியவையல்ல. அதில் நமக்கும் உடன்பாடே. பெரியவர்கள் பார்க்கட்டும். பார்த்தபின், ஏழையின் கூலியைக் குறைத்தவரோடு நாம் எத்தனை பந்திகளில் அமர்ந்தோம் என்றும் எண்ணிப் பார்க்கட்டும்.